பிக்கப் டிரக்குக்குத் தனி கியர்பாக்ஸ் கூலர் தேவையா?

அரிசோனாவில் புல்ஹெட் சிட்டியை ஒட்டி, கொலராடோ ஆற்றங்கரையிலிருந்து கிழக்கே மலையேறும் சாலைக்கு டேவிஸ் டாம் ஏற்றம் என்று பெயர். சுமார் 18 கிலோமீட்டர் தூரத்தில் 900 மீட்டர் உயரம் ஏறுகிறது. அமெரிக்கப் பிக்கப்புகளின் இழுவைத் திறனைக் கணக்கிடும் எஸ்ஏஇ ஜே2807 என்ற விதிமுறை இந்த ஏற்றத்தைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறது. வெளியே குறைந்தது 38 டிகிரி வெயில், ஏசி முழு வீச்சில், பின்னால் முழு எடை டிரெய்லர். இத்தனையோடும் வேகம் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது, எதுவும் சூடேறி நிற்கவும் கூடாது. டொயோட்டா இதை முதலில் ஏற்றது. ஃபோர்டு, ஜிஎம், ராம் ஆகியவை 2015 வாக்கில் வந்து சேர்ந்தன.

கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்க இன்னொரு கூலர் வேண்டுமா என்ற கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது. தொழிற்சாலையிலேயே டோ பேக்கேஜ் (டிரெய்லர் இழுப்பதற்கான கூடுதல் பாகங்கள்) போட்டு வந்த வண்டி, கையேட்டில் சொன்ன எடைக்குள்தான் இழுக்கிறது என்றால் இன்னொரு கூலர் பெரும்பாலும் வீண் செலவு. டோ பேக்கேஜ் இல்லாத வண்டி, பழைய நான்கு கியர் வண்டி, ரேடியேட்டருக்குள் இருக்கும் சின்னக் கூலரை மட்டும் நம்பியிருக்கும் வண்டி ஆகியவற்றுக்குத்தான் இந்தக் கேள்வி உண்மையில் பொருந்தும்.

சூடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மீதிப் பாதி எளிது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் இன்ஜினுக்கும் கியர்களுக்கும் நடுவில் டார்க் கன்வர்ட்டர் இருக்கிறது. இன்ஜின் சுற்றுகிற இம்பெல்லர் ஆயிலை வீசியடிக்கிறது; அந்த ஆயில் எதிரே உள்ள டர்பைனைத் தள்ளுகிறது; டர்பைன் கியர்களைச் சுற்றுகிறது. பாரம் ஏறும்போது டர்பைன் பின்தங்கும். அந்த நழுவலில் தொலைகிற சக்தி முழுவதும் ஆயிலில் சூடாக இறங்குகிறது. கன்வர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் பிடித்துவிட்டால் இரண்டும் ஒன்றாகச் சுற்றும், சூடும் மளமளவென்று குறையும். தமிழ்நாட்டில் ஓடும் சரக்குப் பிக்கப்புகளில் பெரும்பாலானவை மேனுவல் கியர் என்பதால் அங்கே இந்தப் பிரச்சினையே எழுவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து 5,000 கிலோ, ஏற்றம் 7 சதவீதம், வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். மேலே ஏறுவதற்கு மட்டும் 76 கிலோவாட் வேண்டும். காற்றின் எதிர்ப்பையும் டயர் உராய்வையும் சேர்த்தால் 100 கிலோவாட்டைத் தாண்டிவிடும். கன்வர்ட்டர் லாக் ஆகாமல் பத்து சதவீதம் நழுவினால் 10 கிலோவாட் அப்படியே ஆயிலுக்குள் போகிறது. கூலர் லைனில் நிமிடத்துக்கு 8 லிட்டர் ஆயில் ஓடுவதாக வைத்துக்கொண்டால், கூலருக்குள் ஆயில் ஒரு டிகிரி குளிர்ந்தால் வெளியேறுவது சுமார் 0.24 கிலோவாட்தான். பத்தையும் வெளியேற்ற ஆயில் 42 டிகிரி குளிர வேண்டும். அதாவது கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான ஆயில் பேனில் 100 டிகிரி காட்டும்போது கன்வர்ட்டரை விட்டு வெளியே வருகிற ஆயில் 140 டிகிரியைத் தொட்டிருக்கும். பேனில் உள்ள சென்சாரை மட்டும் பார்த்து நிம்மதியாக இருப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

கூலர் 5 கிலோவாட் பின்தங்கினால் என்ன ஆகும்? பன்னிரண்டு லிட்டர் ஆயிலையும் கியர்பாக்ஸ் உலோகத்தையும் சேர்த்து ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 90 கிலோஜூல் போதும். ஆகவே நிமிடத்துக்கு மூன்று டிகிரிக்கு மேல் ஏறிக்கொண்டே போகும். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை, சில்வர்தோர்னிலிருந்து ஐசன்ஹோவர் சுரங்கம் வரை சுமார் 13 கிலோமீட்டர் விடாமல் ஏறுகிறது. மணிக்கு 80-இல் பத்து நிமிடப் பயணம். முப்பது டிகிரி கூடிவிடும். போதாததற்கு, சுரங்கம் இருக்கும் 3,400 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட முப்பது சதவீதம் போலக் குறைவு. அதே வேகத்தில் போனாலும் கூலர் வழியாகப் போகும் காற்று எடுத்துச் செல்லும் சூடு குறைந்துவிடும்.

சூடேறினால் ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுகிறது. மெக்கானிக்குகளிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும். அது பழைய மினரல் ஆயில் காலத்துக் கணக்கு. இன்றைய சிந்தெடிக் ஆயில்கள் அதைவிட நன்றாகத் தாங்கும். பல புதிய டிரக்குகள் எரிபொருள் மிச்சமாகட்டும் என்று வேண்டுமென்றே 90 முதல் 100 டிகிரியில் ஓடும்படி செய்யப்பட்டவை. அதனால் 95 என்று காட்டினால் பதற வேண்டாம். பாரம் இழுக்கும்போது 110 வரை போய், சமதளம் வந்ததும் இறங்கினால் அதுவும் சரி. 120-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் ஏதாவது செய்தாக வேண்டும். 130 வந்தால் ஓரங்கட்டி, நியூட்ரல் அல்லது பார்க்கில் போட்டு இன்ஜினைச் சற்றே உயர்ந்த ஐடிலில் ஓடவிடுங்கள். உடனே இன்ஜினை அணைப்பது தவறு; பம்ப் நின்றால் கூலருக்கு ஆயில் போகாது.

நெடுநாள் சூட்டில் முதலில் சாவது ரப்பர் சீல்கள். கடினமாகி, வெடித்து, அழுத்தத்தைக் கசியவிடும். ஆயில் அழுத்தத்தைப் பிரித்தனுப்பும் வால்வ் பாடியில் வார்னிஷ் போலப் பழுப்புப் படலம் படிந்து வால்வுகள் ஒட்டும். உராய்வைச் சீராக்கும் சேர்மானங்கள் தீர்ந்துபோக, லாக்-அப் பிடிக்கும் வேகத்தில் வண்டி நடுங்கத் தொடங்கும். ஆயில் பழுப்பாகிக் கருகல் வாடை வந்துவிட்டால் கிளட்ச் தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்திருக்கின்றன என்று அர்த்தம். அந்த நிலையில் கூலர் மாட்டுவது பழுதைச் சரிசெய்யாது.

ஆகவே வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். ஃபோர்டு எஃப்-150 போன்றவற்றில் டேஷ்போர்டிலேயே கியர்பாக்ஸ் வெப்பநிலை தெரியும். மற்ற வண்டிகளுக்கு ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கணினியைப் படிப்பதற்கான செருகுமுனை) செருகும் புளூடூத் ரீடரும் அந்த மாடலின் கியர்பாக்ஸ் அளவுகளைப் படிக்கும் ஆப்பும் வேண்டும். வழக்கமாக இழுக்கும் பாரத்தோடு, வழக்கமாகப் போகும் மோசமான ஏற்றத்தில், வெயில் நாளில் பாருங்கள். லாக்-அப் பிடித்திருக்கிறதா என்றும் கூடவே கவனியுங்கள். சூட்டைவிட அது அதிகம் சொல்லும்.

சூட்டை வெளியேற்றுவதைவிட உண்டாகாமல் தடுப்பது மலிவு. பாரம் இழுப்பதற்கென்றே இருக்கும் டோ/ஹால் மோடைப் போடுங்கள். மேல் கியருக்கும் கீழ் கியருக்கும் வண்டி தத்தளித்தால் கையால் ஒரு கியர் இறக்கி, லாக்-அப் பிடிக்கும் வேகத்தில் நிலையாகப் போங்கள். இன்ஜின் நிமிடத்துக்கு 3,500 சுற்றில் இரைவது காதுக்குத்தான் கஷ்டம், கியர்பாக்ஸுக்கு நல்லது. சரளைத் தரையில் டிரெய்லரை மேட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது ஃபோர்-லோவில் (நான்கு சக்கரமும் இழுக்கும் மிகத் தாழ்ந்த கியர்) போட்டால் கன்வர்ட்டர் படும் பாடு பெருமளவு குறையும். மெதுவாக ரிவர்ஸ் போகும்போது லாக்-அப் கிடையாது, கூலருக்குக் காற்றும் கிடையாது. நெடுஞ்சாலையில் அரைமணி நேரத்தில் ஏறாத சூடு அங்கே சில நிமிடத்தில் ஏறிவிடும்.

இதற்குப் பிறகும் 120-க்கு மேலேயே நின்றால் கூலர் போடலாம். ஆனால் அதற்கு முன் ஒன்று: பல புதிய வண்டிகளில் கூலர் லைனிலேயே ஒரு தெர்மோஸ்டாட் வால்வ் இருக்கிறது. ஆயில் 90 டிகிரியை நெருங்கும் வரை அது கூலருக்கு வழியே விடாது. 2014 முதல் வந்த சில்வராடோ போன்ற வண்டிகளில் இது உண்டு. அங்கே எவ்வளவு பெரிய கூலர் போட்டாலும் சாதாரண ஓட்டத்தில் ஒரு டிகிரிகூட இறங்காது; வால்வ் முழுக்கத் திறந்த பிறகு, பாரத்தில் மட்டுமே பயன் தெரியும். வால்வ் பாதியில் சிக்கியிருந்தால் மாற்ற வேண்டியது வால்வைத்தான்.

சூட்டோடு சம்பந்தமே இல்லாமல் தனி கூலர் தேவைப்படும் ஒரு நிலையும் உண்டு. 2005 முதல் 2010 வரை வந்த நிசான் ஃப்ரன்டியர், எக்ஸ்டெரா, பாத்ஃபைண்டர் வண்டிகள் பலவற்றில் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் விரிசல் விட்டு, கூலன்ட்டும் கியர்பாக்ஸ் ஆயிலும் கலந்துவிடும். டிப்ஸ்டிக்கை எடுத்தால் ரோஸ் மில்க் நிறத்தில் நுரை வரும். கூலன்ட்டில் உள்ள கிளைக்காலும் தண்ணீரும் கிளட்ச் தட்டில் உராய்வுப் படலத்தை ஒட்டியிருக்கும் பசையை இளக்கிவிடும். படலம் பெயர்ந்தால் கியர்பாக்ஸ் முடிந்தது. இந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் ரேடியேட்டரை மாற்ற வேண்டும், அல்லது அதற்குள் இருக்கும் கூலரை முற்றிலும் விலக்கி, காற்றில் குளிரும் தனி கூலருக்கு லைனைத் திருப்ப வேண்டும். நுரை தெரிந்த பிறகு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

கூலரில் மூன்று வகை. வளைந்த குழாயில் தகடு கோத்தது மலிவு, குறைந்த திறன். பிளேட்-ஃபின் அதைவிட மேல். ஸ்டாக்ட் பிளேட்தான் பிக்கப்புக்கு ஏற்றது; அதே இடத்தில் அதிக சூட்டை எடுக்கும், பல மாடல்களில் உள்ளேயே பைபாஸும் (ஆயில் கெட்டியாக இருக்கும்போது கூலரைத் தவிர்த்துப் போகும் வழி) இருக்கும். உங்கள் வண்டிக்கே டோ பேக்கேஜில் வரும் தொழிற்சாலைக் கூலர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பிராக்கெட்டும் லைனும் வெட்டு ஒட்டு இல்லாமல் பொருந்தும். வெளியே வாங்கினால் பெட்டியில் போட்டிருக்கும் எடையை வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த எடையோடு ஒப்பிடுங்கள்.

வழக்கமான இணைப்பு: கியர்பாக்ஸிலிருந்து ரேடியேட்டருக்குள், அங்கிருந்து புதுக் கூலருக்கு, பிறகு கியர்பாக்ஸுக்குத் திரும்பும் லைன். பெரும்பகுதி சூட்டை ரேடியேட்டர் எடுத்துக்கொள்ள, கூலன்ட்டின் வெப்பநிலைக்குக் கீழே இறக்கும் வேலையைப் புதுக் கூலர் செய்யும். திரும்பும் லைன் எது என்று தெரியாவிட்டால், குளிர்ந்த இன்ஜினை ஓடவிட்டு இரண்டு லைனையும் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள். முதலில் சூடாவது கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் லைன்.

கூலரை ஏசி கண்டென்சருக்கு முன்னால், இரண்டும் உரசாதபடி ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, தனி இரும்புப் பிராக்கெட்டில் மாட்டுங்கள். கிட்டோடு வரும் பிளாஸ்டிக் கம்பிகளைக் கண்டென்சரின் ஃபின்களுக்குள் செருகி இழுத்துக் கட்டுவது சுலபம்தான். ஆனால் அதிர்வில் அது கண்டென்சர் குழாயை அறுத்து, ஏசி கேஸ் போன பிறகுதான் தெரியவரும். ஆயில் முனைகள் மேலேயோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். கீழ் நோக்கி இருந்தால் உள்ளே காற்று தங்கும்.

ஹோஸில் கஞ்சத்தனம் கூடாது. எஸ்ஏஇ ஜே1532 என்று அச்சிட்ட கியர்பாக்ஸ் கூலர் ஹோஸ் மட்டுமே; பெட்ரோல் ஹோஸ் சூட்டில் இறுகி வெடிக்கும். பெரும்பாலான பிக்கப்புகளுக்கு 3/8 அங்குலம் சரி. இரும்பு லைனை வெட்ட நேர்ந்தால் டியூப் கட்டரால் வெட்டுங்கள். ஹேக்ஸா போட்டால் துகள் உள்ளே போகும். வெட்டிய முனையில் ஹோஸ் நழுவாதபடி ஒரு புடைப்பை எழுப்பி, ஹோஸை அதைத் தாண்டி 25 மில்லிமீட்டராவது ஏற்றி, புடைப்புக்குப் பின்னால் கிளாம்பை இறுக்குங்கள். முதல் சில ஓட்டத்துக்குப் பின் வண்டி ஆறியதும் மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும். ஹோஸ் கழன்று, அழுத்தத்தோடு வரும் சூடான ஆயில் எக்ஸாஸ்ட்டில் பட்டால் தீப்பிடிக்கும்.

குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு கவலை. பல கியர்பாக்ஸ்களில் கூலரிலிருந்து திரும்பும் ஆயில்தான் பிளானட்டரி கியர்களுக்கும் புஷ்களுக்கும் மசகு. மினசோட்டாவிலோ ஆல்பர்ட்டாவிலோ மைனஸ் 30-இல் கூலருக்குள் ஆயில் கூழாகி அடைத்தால், கியர்பாக்ஸ் மசகில்லாமல் தேய்ந்துபோகும். அங்கே பைபாஸ் இல்லாத கூலரைப் போடவே கூடாது. ஆயில் முதலில் புதுக் கூலருக்கும் பிறகு ரேடியேட்டருக்கும் போகும்படி இணைத்தால் குளிர்காலத்தில் ரேடியேட்டர் ஆயிலைச் சூடாக்கித் திருப்பியனுப்பும். சிலர் குளிர்காலத்தில் கூலரை அட்டையால் மூடுகிறார்கள், ஆனால் பாரம் இழுக்கும் நாளில் எடுக்க மறந்துவிடுகிறார்கள்.

மாட்டி முடித்ததும் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை கூடுதல் ஆயில் பிடிக்கும். கையேட்டில் சொன்ன ரகத்தையே ஊற்றுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியராக மாற்றி, சொன்ன வெப்பநிலையில் மட்டத்தைப் பாருங்கள். அதிகமாக ஊற்றினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரைத்த ஆயிலில் அழுத்தம் நிற்காது. பழைய கியர்பாக்ஸ் உடைந்து புதிது போட்டிருந்தால் பழைய கூலரைக் கழுவி மாட்டாதீர்கள். மடிப்புகளில் ஒளிந்திருக்கும் இரும்புத் துகள் திரும்பி வரும். கடைசியாக, முதலில் அளந்த அதே ஏற்றத்தில் அதே பாரத்தோடு மறுபடி அளங்கள். வித்தியாசம் ஐந்து டிகிரிக்குள்தான் இருந்தால் தெர்மோஸ்டாட் வால்வையும் லைன்கள் மாறி இணைந்திருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.