சான்றிதழ் கையில் இருந்தும் திருப்பி அனுப்பப்பட்டவர்கள்: அமெரிக்காவின் சீனர் விலக்குச் சட்டம்

குடிவரவு ஆலோசனைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்பது இது: "பாஸ்போர்ட்டில் விசா இருக்கிறது, வேலை இருக்கிறது, பல வருடம் வரி கட்டியிருக்கிறோம். விமான நிலையத்தில் ஓர் அதிகாரி எங்களைத் திருப்பி அனுப்ப முடியுமா?" முடியும். அந்த அதிகாரத்தின் வேர் 1889-இல் வந்த ஒரு தீர்ப்பில் இருக்கிறது.

அந்த வழக்கைத் தொடுத்த சீனத் தொழிலாளி சே சான் பிங் 1875 முதல் சான் பிரான்சிஸ்கோவில் உழைத்தவர். 1887 ஜூனில் ஊருக்குக் கிளம்பும்போது, திரும்பி வருவதற்கான சான்றிதழை முறைப்படி வாங்கிக்கொண்டே கப்பலேறினார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஹாங்காங்கிலிருந்து புறப்பட்டார். அவர் நடுக்கடலில் இருந்தபோது, அக்டோபர் 1 அன்று, வெளியே போன சீனத் தொழிலாளர்கள் திரும்பி வருவதைத் தடுக்கும் ஸ்காட் சட்டம் கையெழுத்தானது. அதுவரை கொடுத்த அத்தனை சான்றிதழ்களும் ஒரே நாளில் செல்லாமல் போயின. ஒரு வாரம் கழித்துத் துறைமுகம் வந்து சேர்ந்தவரைத் தரையிறங்க விடவில்லை. இப்படி வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்கள் ஏறத்தாழ 20,000 பேர். வெளிநாட்டவர் யாரை உள்ளே விடுவது என்பது இறையாண்மை சார்ந்த விஷயம், அதில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் முடிவே இறுதி என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. பிற்காலத் தீர்ப்புகள் இதன் சில ஓரங்களைத் தேய்த்திருக்கின்றன. அடித்தளம் அப்படியே நிற்கிறது.

இத்தனை பயத்துக்கும் காரணமான சீனர்கள் எத்தனை பேர்? 1880 கணக்கெடுப்பில் சுமார் 1,05,000. ஐந்து கோடி மக்களில் அரை சதவீதம்கூட இல்லை. தங்கச் சுரங்கத்தில் வேலை செய்ய வந்தவர்கள் மீது கலிபோர்னியா 1850-லேயே வெளிநாட்டுச் சுரங்கத் தொழிலாளர் வரி போட்டது. 1854-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், வெள்ளையருக்கு எதிராகச் சீனர் சொல்லும் சாட்சி செல்லாது என்றது. கொள்ளையடித்தாலும் கொன்றாலும் கண்ணால் பார்த்த சீனர் வாய் திறக்க முடியாது என்பதே இதன் நடைமுறைப் பொருள். சியரா நெவாடா மலையைக் குடைந்து ரயில் பாதை போட ஆயிரக்கணக்கில் அவர்களையே அமர்த்தினார்கள். பாதை 1869-இல் முடிந்தது, 1873-இல் பொருளாதாரம் சரிந்தது, வேலையில்லாதவர்களின் கோபத்தை டெனிஸ் கியர்னி போன்ற பேச்சாளர்கள் சீனர் பக்கம் திருப்பிவிட்டார்கள். 1882 மே 6 அன்று வந்த விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர் வரவைப் பத்து ஆண்டுகளுக்குத் தடுத்தது. சீனருக்குக் குடியுரிமை வழங்கவும் நீதிமன்றங்களுக்குத் தடை போட்டது. 1885-இல் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸில் 28 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள். ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

வன்முறையைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எங்களைப் போல் விண்ணப்பங்களோடு மல்லுக்கட்டுபவர்கள் பார்க்க வேண்டியது விதிகளின் வாசகத்தை. சான் பிரான்சிஸ்கோவின் 1880-ஆம் ஆண்டுச் சலவைக்கடை விதியில் சீனர் என்ற சொல்லே கிடையாது. மரக் கட்டடத்தில் சலவைக்கடை நடத்த அனுமதி வேண்டும், அவ்வளவுதான். தீ விபத்தைத் தடுக்க என்றார்கள். ஊரில் இருந்த சுமார் 320 கடைகளில் 310 மரக் கட்டடங்கள், 240 சீனருடையவை. விண்ணப்பித்த சீனர் சுமார் 200 பேருக்கும் அனுமதி மறுப்பு. மற்றவர்கள் 80 பேருக்கு, ஒருவரைத் தவிர, அனுமதி கிடைத்தது. விதியின் வாசகம் நடுநிலையாக இருந்தாலும் அதை அமல்படுத்தும் கை ஓரவஞ்சனை செய்தால் அரசமைப்புக்கு முரண் என்று 1886-இல் யிக் வோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாகுபாடு வழக்குகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு இது.

1892-இன் கியரி சட்டம் இன்னும் கொடுமை. ஏற்கெனவே உள்ளே வாழும் சீனத் தொழிலாளர்கள் ஓராண்டுக்குள் வசிப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் நாடுகடத்தல். நோயால் வாங்க முடியவில்லை என்று சொல்பவர், சட்டம் வந்தபோது தான் இங்கேதான் வசித்தேன் என்பதை நம்பகமான வெள்ளையர் ஒருவரையாவது சாட்சியாக வைத்து நிரூபிக்க வேண்டும். சீனப் பேட்டைக்குள்ளேயே வாழ்ந்து, சீன முதலாளியிடமே வேலை பார்த்தவர் அப்படி ஒரு சாட்சிக்கு எங்கே போவார்? நிரூபிக்கும் பொறுப்பை ஆளின் தலையில் கட்டிவிட்டு, நிரூபிக்கும் வழியையும் அடைத்துவிடுவது விலக்குச் சட்டங்களின் வழக்கமான உத்தி.

1906 நிலநடுக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவுகள் எரிந்தன. அதன்பின் பலர் இங்கே பிறந்ததாகச் சொல்லிக் குடியுரிமை கோரினார்கள். அவர்களின் பிள்ளைகள் என்று காகிதத்தில் மட்டும் உறவுள்ள இளைஞர்கள் வந்தார்கள். பொய்தான். ஆனால் நேர் வழி அத்தனையையும் சட்டம் அடைத்திருந்தது. அவர்களைச் சலித்தெடுக்க 1910-இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஏஞ்சல் தீவு குடிவரவு நிலையம் திறக்கப்பட்டது. வீட்டு வாசல் எந்தத் திசை? உங்கள் வரிசையில் எத்தனை வீடு? மூன்றாவது வீட்டில் யார்? அரிசிப் பானை எங்கே இருக்கும்? இதே கேள்விகளைத் தகப்பனிடமும் தனியே கேட்டு ஒப்பிடுவார்கள். பதில் ஒத்துப்போகாவிட்டால் நிராகரிப்பு. உண்மையான மகன்களும் இதில் தோற்றார்கள். சீன ஆண்களுக்குத் திருமணத்தின்போது புதுப் பெயர் சூட்டும் வழக்கம் உண்டு. அதிகாரியின் கோப்பில் அது இன்னொரு ஆள்.

இந்த இடத்தில் தமிழர்கள் கவனிக்க வேண்டும். நம் இனிஷியல் வழக்கமும் இதே சிக்கலைத்தான் தருகிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால், விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகி, முதல் பெயர் இடத்தில் "எஃப்.என்.யு." (முதல் பெயர் தெரியவில்லை) என்று வரும். பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், திருமணச் சான்று மூன்றிலும் தகப்பனார் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று கிரீன் கார்டு விண்ணப்பத்துக்கு முன்பே பாருங்கள். ஒவ்வொரு முறை உள்ளே வந்ததும் எதுவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 வருகைப் பதிவை இணையத்தில் எடுத்துப் பெயரையும் தேதியையும் சரிபாருங்கள். பாஸ்போர்ட் காலாவதி நெருங்கினால், விசா நீண்டிருந்தாலும் ஐ-94-ஐ அந்தத் தேதியோடு நிறுத்திவிடுவார்கள். அந்தத் தேதியைத் தவறவிட்டு விழிபிதுங்குபவர்கள் நிறைய. கிரீன் கார்டு உள்ளவர்கள் ஓராண்டுக்கு மேல் வெளியே தங்க நேர்ந்தால், கிளம்பும் முன்பே அமெரிக்காவில் இருந்தபடி மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். விமான நிலையத்தில் ஐ-407 படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். அது கிரீன் கார்டை நீங்களாகவே கைவிடும் படிவம். நீதிபதி முன் விசாரணை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

சீனர் விலக்கு 1943-இல்தான் நீங்கியது, அதுவும் ஆண்டுக்கு 105 பேர் என்ற ஒதுக்கீட்டோடு. இந்தியர்களை 1917 சட்டம் தடுத்தது. 1923-இல், இந்தியாவிலிருந்து குடியேறிய பகத் சிங் திந்தின் வழக்கு குடியுரிமையையும் மூடியது. 1946-இல் ஆண்டுக்கு 100 பேர் என்று கதவு திறந்த பிறகே, 1937 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விஞ்ஞானி சுப்பிரமணியன் சந்திரசேகர் 1953-இல் அமெரிக்கக் குடிமகனாக முடிந்தது.

2025 ஜனவரியில், தற்காலிக விசாவில் இருப்போரின் குழந்தைகளுக்குப் பிறப்புக் குடியுரிமையை மறுக்கும் ஆணை வந்தபோது எல்லோரும் புரட்டியது வாங் கிம் ஆர்க் தீர்ப்பைத்தான். சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த அவர் 1894-இல் சீனாவுக்குப் போகும்முன் வெள்ளையர் சாட்சிக் கையெழுத்தோடு அடையாளப் பத்திரம் எடுத்துக்கொண்டு போனார். அப்படியும் திரும்பியபோது தடுத்தார்கள். அமெரிக்க மண்ணில் பிறந்ததால் அவர் குடிமகனே என்று 1898-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்று ஆண்டுகள் கழித்து டெக்சாஸின் எல் பாசோவில், சட்டவிரோதமாக இருப்பவர் என்று அவரையே கைது செய்தார்கள். 1910-இல் அவருடைய மூத்த மகன் வந்தபோது, பதில்கள் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.