கடைசி இடம் யாருக்கு? பொறியியல் கலந்தாய்வின் விளிம்பில் ஒரு கணக்கு

பிளஸ் டூ முடிவுகள் வந்த வாரத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது: "போன வருடம் அந்தக் கல்லூரி 179-இல் முடிந்துவிட்டது. உனக்கு 178.5. கிடைக்காது." சொல்பவர் மாமாவாக இருக்கலாம், டியூஷன் ஆசிரியராக இருக்கலாம். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை நம்பி, தான் மனதார விரும்பிய கல்லூரியைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதைத் தடுக்க வேண்டும் என்ற ஆசையில்தான் இதை எழுதுகிறேன்.

அந்த 179 எங்கிருந்து வந்தது? யாரும் அதை நிர்ணயிக்கவில்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் 2007 முதல் நுழைவுத் தேர்வு கிடையாது. கணிதத்தில் 100-க்கு வாங்கிய மதிப்பெண், இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி என மூன்றையும் கூட்டி 200-க்குக் கட்ஆஃப் கணக்கிடுகிறார்கள். கணிதம் 92, இயற்பியல் 85, வேதியியல் 88 என்றால் 92 + 42.5 + 44 = 178.5. இந்த எண்ணின்படி எல்லோரையும் வரிசையில் நிறுத்துகிறார்கள். வரிசையின் முதலில் நிற்பவரின் விருப்பப் பட்டியலைக் கணினி மேலிருந்து கீழாகப் படித்து, காலியாக உள்ள முதல் இடத்தை அவருக்குத் தருகிறது. பிறகு இரண்டாமவர், மூன்றாமவர். ஒரு கல்லூரியின் ஒரு பாடப்பிரிவில் கடைசி இடத்தை எடுத்தவரின் மதிப்பெண் என்னவோ அதைத்தான் மறுநாள் "அங்கே கட்ஆஃப் 179" என்று சொல்கிறோம். அது கதவு மூடிய பிறகு தெரியவரும் எண். அந்த ஒருவர் வேறு கல்லூரிக்குப் போயிருந்தால் அது 178.5 ஆகியிருக்கலாம்.

அதனால் விளிம்பில் நிற்கும் மாணவர் முதலில் செய்ய வேண்டியது, மதிப்பெண்ணை விட்டுவிட்டுத் தரவரிசை எண்ணைக் கையில் எடுப்பது. காரணம் எளிது. வினாத்தாள் ஓர் ஆண்டு கடினமாக இருக்கும், மறு ஆண்டு இளகும். 2023-இல் 200-க்கு 200 கட்ஆஃப் வாங்கியவர்கள் 102 பேர். 2024-இல் 65 பேர். 2025-இல் 144 பேர். உச்சியிலேயே இப்படி ஏறி இறங்கினால் நடுவில் என்ன ஆகும்? தரவரிசைப் பட்டியலில் இருந்தவர்களின் தொகையும் அதே மூன்று ஆண்டுகளில் சுமார் 1.8 லட்சத்திலிருந்து 2 லட்சமாகி, பிறகு 2.4 லட்சமாக உயர்ந்தது. ஆக, 2023-இன் 178.5-க்கும் 2025-இன் 178.5-க்கும் எழுத்து ஒன்றுதான். வரிசையில் நிற்கும் இடம் வேறு. இடங்களோ எண்ணிக்கையில் இருக்கின்றன. இத்தனையாவது ஆள் வரை இடம் இருந்தது என்பதுதான் ஓர் ஆண்டை இன்னோர் ஆண்டோடு ஒப்பிட உதவும் அளவு.

அரை மதிப்பெண் எவ்வளவு பெரியது என்பதையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம். கட்ஆஃப் பெரும்பாலும் அரை அரையாகத்தான் நகரும். 80-இலிருந்து 200 வரை 240 படிகள். 2 லட்சம் பேரை இந்தப் படிகளில் சமமாக உட்கார வைத்தால்கூட ஒரு படிக்கு 800 பேருக்கு மேல் வருகிறார்கள். ஒரே கட்ஆஃப் வாங்கியவர்களில் கணிதத்தில் அதிகம் பெற்றவர் முன்னால் போவார். அதுவும் சமமென்றால் இயற்பியல் என்று தொடங்கிப் பிறந்த தேதி வரை பார்த்து, கடைசியில் கணினி தந்த சமவாய்ப்பு எண் தீர்மானிக்கும். "எனக்கும் அவனுக்கும் ஒரே கட்ஆஃப்தான்" என்று சொல்லும் இரண்டு நண்பர்களுக்கு இடையில் நூற்றுக்கணக்கானவர்கள் நிற்க முடியும்.

அடுத்தது இடஒதுக்கீடு. பொதுப் பிரிவு 31 சதவீதம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. மீதி 69-இல் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. ஒதுக்கீட்டுப் பிரிவைச் சேர்ந்த மாணவருக்கு ஒவ்வொரு கல்லூரியிலும் பொது வாசல், பிரிவு வாசல் என இரண்டு உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த 7.5 சதவீத வாசலும் சேர்ந்து மூன்று. தனக்கு எத்தனை வாசல் இருக்கிறது என்று தெரியாமலேயே கிடைக்காது என்று முடிவு செய்வது எவ்வளவு பெரிய இழப்பு!

இங்கே கணிதம் சொல்லும் நுட்பமான சங்கதி ஒன்று இருக்கிறது. 60 இடங்கள் உள்ள ஒரு பாடப்பிரிவில் பிற்படுத்தப்பட்டோருக்குச் சுமார் 16 இடங்கள் வரும். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு இரண்டு. 16 இடங்கள் நிரம்பும்போது, ஒருவர் மனம் மாறினாலும் கடைசியாக இடம் பெற்றவரின் தரவரிசை எண் கொஞ்சம்தான் நகரும். இரண்டே இடங்கள் என்றால், ஒரே ஒரு குடும்பம் கோவையா சென்னையா என்று எடுக்கும் முடிவில் அந்த எண் ஆயிரக்கணக்கில் தாவிவிடும். சிறிய ஒதுக்கீட்டில் நிற்பவர் சென்ற ஆண்டு எண்ணைக் கண்டு மனம் தளரவும் கூடாது, அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது.

இப்போது ஒரு கற்பனை மாணவியை எடுத்துக்கொள்வோம். பிற்படுத்தப்பட்டோர் பிரிவு, தரவரிசை 33,500. அவர் விரும்பும் கல்லூரியில், விரும்பும் பாடப்பிரிவில், அவருடைய பிரிவில் கடந்த ஐந்து ஆண்டுகளில் கடைசியாக இடம் பெற்றவர்களின் தரவரிசை இப்படி இருந்ததாக வைத்துக்கொள்வோம்: 31,400, 33,900, 30,800, 34,600, 32,300.

மாமா பார்ப்பது கடைசி எண்ணான 32,300-ஐ மட்டும்தான். 33,500 அதற்கு அப்பால் இருப்பதால் கிடைக்காது என்கிறார். ஐந்தையும் பார்த்தால்? 33,900-இல் முடிந்த ஆண்டிலும் 34,600-இல் முடிந்த ஆண்டிலும் இந்த மாணவிக்கு இடம் கிடைத்திருக்கும். ஐந்தில் இரண்டு, அதாவது 40 சதவீதம். இன்னும் கொஞ்சம் முறையாகவும் செய்யலாம். ஐந்தின் சராசரி 32,600. ஒவ்வோர் ஆண்டும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்று கணக்கிட்டால் திட்டவிலக்கம் சுமார் 1,600 வருகிறது. மாணவி சராசரியைத் தாண்டி 900 இடங்கள் பின்னால் நிற்கிறார். அது அரைத் திட்டவிலக்கத்தைவிடச் சற்று அதிகம். மணி வடிவ வளைகோட்டில் வைத்துப் பார்த்தால் வாய்ப்பு 30 சதவீதத்துக்கு அருகில் வரும். ஐந்தே ஆண்டுத் தரவுகளை வைத்துக்கொண்டு இதைவிட நுணுக்கமாகச் சொல்வது நேர்மையாகாது. மூன்றில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்ளலாம். இவரைப் போன்ற மூன்று பேர் முயன்றால் ஒருவருக்குக் கிடைக்கும். இதைக் "கிடைக்காது" என்ற சொல்லால் சொல்ல எனக்கு மனம் வராது.

ஐந்து ஆண்டுகளிலும் ஒருமுறைகூடக் கடைசி இடம் உங்கள் தரவரிசை எண் வரை வரவில்லை என்றால்? அப்போதும் பூஜ்யம் என்று எழுதக் கூடாது. பிரெஞ்சுக் கணிதர் லாப்லாஸ் இதற்கு ஒரு விதி தந்தார். நடந்த தடவைகளோடு 1-ஐயும், மொத்தத் தடவைகளோடு 2-ஐயும் கூட்டி வகுக்க வேண்டும். ஐந்தில் பூஜ்யம் என்றால் ஏழில் ஒன்று, சுமார் 14 சதவீதம். வேறெந்தத் தகவலும் இல்லாதபோது சொல்லத்தக்க தோராயம் இது. கடைசி எண்ணுக்கும் உங்கள் எண்ணுக்கும் இருபதாயிரம் இடைவெளி இருந்தால், அந்த இடைவெளியே ஒரு தகவல்தான். அங்கே இந்த விதி உதவாது.

பழைய எண்களே பொய்யாகும் ஆண்டுகளும் உண்டு. 2024-25 கல்வியாண்டு முதல், நன்கு இயங்கும் கல்லூரிகள் ஒரு பாடப்பிரிவில் எத்தனை மாணவர்களைச் சேர்க்கலாம் என்பதற்கு இருந்த உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கழகம் நீக்கியது. பல தனியார் கல்லூரிகள் கணினி அறிவியல் இடங்களைக் கூட்டின. 60 இடம் 120 ஆனால் கடைசி எண் தானாகவே பின்னுக்குப் போகும். ஆகவே கணக்குப் போடுமுன், இந்த ஆண்டு எத்தனை இடங்கள் என்ற பட்டியலைச் சென்ற ஆண்டுப் பட்டியலோடு ஒப்பிட்டுவிடுங்கள். அரை மணி நேர வேலை அது.

பல கல்லூரிகளின் வாய்ப்புகளைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். நான்கு கல்லூரிகளில் தலா 30 சதவீதம் என்றால், நான்கிலும் கிடைக்காமல் போவது 0.7-ஐ நான்கு முறை பெருக்கிய 24 சதவீதம்தானே, ஆக ஏதோ ஒன்று கிடைக்க 76 சதவீதம் என்று மனம் மகிழ்கிறது. நான்கும் ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால் அது சரி. ஆனால் ஓர் ஆண்டு எல்லோருக்கும் கணினி அறிவியல் மோகம் ஏறினால் நான்கு கல்லூரிகளிலும் கணினி அறிவியல் ஒரே சமயத்தில் எட்டாமல் போகும். உண்மையான வாய்ப்பு 30-க்கும் 76-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அதை உயர்த்த வழி, ஒரே மாதிரியான கல்லூரிகளை அடுக்காமல், பாடப்பிரிவிலும் ஊரிலும் வேறுபட்ட, உண்மையிலேயே படிக்கச் சம்மதமான தெரிவுகளைச் சேர்ப்பது. எத்தனை தெரிவுகளை வேண்டுமானாலும் எழுதலாம். பட்டியல் நீளமாக இருப்பதால் யாருக்கும் நட்டமில்லை.

சரி, 30 சதவீதக் கல்லூரியைப் பட்டியலில் எங்கே வைப்பது? அதை முதலில் எழுதினால் ஒரு வாய்ப்பு வீணாகிவிடும், உறுதியாகக் கிடைப்பதை மேலே போடு என்று அறிவுரை சொல்கிறார்கள். இந்தப் பயம் அர்த்தமுள்ளதாக இருந்த ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிச் சேர்க்கையில், ஒரு பள்ளியை முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கே முதலில் இடம் கொடுத்தார்கள். கிடைக்காத பள்ளியை முதலில் எழுதிய குழந்தை இரண்டாவது பள்ளியிலும் பின்தள்ளப்பட்டது. பெற்றோர் தங்கள் ஆசையை மறைத்து எழுத வேண்டியதாயிற்று. பொருளாதார அறிஞர்கள் இதைச் சுட்டிக்காட்டியபின் 2005-இல் அந்த முறையைக் கைவிட்டார்கள். அப்படிச் சுட்டிக்காட்டியவர்களில் ஒருவர் ஆல்வின் ராத். இடங்களையும் ஆட்களையும் பொருத்தும் இந்தக் கணிதத்துக்காக லாய்ட் ஷாப்லியுடன் சேர்த்து 2012-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் கலந்தாய்வு அப்படிப்பட்டதல்ல. உங்கள் முறை வரும்போது எந்தெந்த இடங்கள் மிச்சமிருக்கும் என்பதை உங்களுக்கு முன்னால் நிற்பவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். உங்கள் பட்டியலின் வரிசை அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. முதல் விருப்பத்தில் இடம் இல்லையென்றால் கணினி அதே கணத்தில் இரண்டாவதைப் பார்க்கும். அந்த இரண்டாவது இடத்தை உங்களுக்குப் பின்னால் இருப்பவர் அதற்குள் பறித்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் அவர் முறை இன்னும் வரவில்லை. 5 சதவீதமே வாய்ப்புள்ள கல்லூரியானாலும் அதை முதலில் எழுதுவதற்கு நீங்கள் கொடுக்கும் விலை பூஜ்யம். வாய்ப்புக் கணக்கு பட்டியலை எவ்வளவு தூரம் கீழே நீட்ட வேண்டும் என்று சொல்லும். எதை மேலே வைப்பது என்று அதனிடம் கேட்கவே வேண்டாம். அதற்கு ஆசை ஒன்றே போதும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், கிடைத்ததை ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிய நகர்வுக்கும் காத்திருக்கலாம். மருத்துவத்துக்கோ வேறு மாநிலத்துக்கோ போகிறவர்கள் விடும் இடங்கள் அப்போது திறக்கும். அந்த நகர்வில் கணினி பார்ப்பது, உங்களுக்குக் கிடைத்த இடத்துக்கு மேலே நீங்கள் எழுதியிருந்த தெரிவுகளை மட்டும். காரைக்குடி அழகப்பா பொறியியல் கல்லூரியை மனதில் முதலாவதாகவும், பயத்தில் பட்டியலில் 14-ஆவதாகவும் வைத்த ஒருவருக்கு 6-ஆவது தெரிவு கிடைத்துவிட்டால், பிறகு அழகப்பாவில் இடம் காலியானாலும் அது அவரைத் தேடி வராது. தெரிவுகளைப் பூட்டும் நேரம் வரை வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.