எஸ்இஓ என்கிற தேடுபொறி உகப்பாக்கம்

தொழிலுக்கென்று இணையதளம் வைத்திருப்பவர்கள் காதில் இந்த மூன்றெழுத்து விழாமல் இருக்காது. 'சைட்டுக்கு எஸ்இஓ பண்ணியாச்சா?' என்று ஒருவர் கேட்க, 'பண்ணியாச்சு' என்று மற்றவர் சொல்வார். இருவர் மனதிலும் இருப்பது ஒரே வேலைதானா என்றால் பெரும்பாலும் இல்லை. ஒருவருக்கு அது பக்கம் முழுக்கக் குறிச்சொற்களை, அதாவது தேடுகிறவர் தட்டக்கூடிய சொற்களை, திணிப்பது. இன்னொருவருக்குக் கூகுளில் பணம் கட்டி விளம்பரம் போடுவது. வேறு சிலருக்கு, ஒரு செருகுநிரலை (தளத்தோடு இணைக்கும் சிறு மென்பொருளை) நிறுவி அது காட்டும் சிவப்புப் புள்ளியைப் பச்சையாக்குவது.

விரித்தால் சர்ச் எஞ்சின் ஆப்டிமைசேஷன். தேடுபொறி காட்டும் இயல்பான முடிவுகளில், தன் தொழிலோடு தொடர்புள்ள தேடல்களுக்கு, ஒரு தளம் மேலே வரும்படி அதைச் சீர்செய்யும் வேலை. 'இயல்பான' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. பணம் கட்டி வாங்கும் விளம்பர இடம் இதில் சேராது. விளம்பரத்துக்கு எவ்வளவு செலவழித்தாலும் இயல்பான முடிவுகளில் அதனால் ஓர் இடம்கூட ஏறாது என்பதைக் கூகுள் பலமுறை சொல்லியிருக்கிறது. இந்த இயல்பான முடிவுகளுக்கு ஆங்கிலத்தில் 'ஆர்கானிக்' என்று பெயர். அதை 'இயற்கை முடிவுகள்' என்று சிலர் தமிழாக்குகிறார்கள். படித்தால் ஏதோ பூச்சிமருந்து அடிக்காமல் விளைந்தவை போலத் தோன்றுகிறது.

சொல்லுக்கு வயது அதிகமில்லை. முதல் தேடுபொறியாகக் கருதப்படும் ஆர்ச்சி 1990இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உருவானது. அது கோப்புகளின் பெயர்களை மட்டுமே தேடித் தரும். பக்கத்தின் முழு எழுத்தையும் தேட வழிசெய்த வெப்கிராலர் 1994இல் வந்தது, ஆல்டாவிஸ்டா 1995இல். தேடுபொறி எதை வைத்து வரிசைப்படுத்துகிறது என்று ஆட்கள் கவனித்து, அதற்கேற்பப் பக்கங்களை மாற்றத் தொடங்கியதும் அப்போதுதான். அந்த வேலைக்கு இந்தப் பெயர் 1997 வாக்கில் புழக்கத்துக்கு வந்திருக்கலாம் என்பது இத்துறையை நெடுநாள் கவனித்துவந்த டேனி சல்லிவனின் கணிப்பு. ஆனால் 'நான்தான் முதலில் சொன்னேன்' என்பவர்கள் ஒருவர் இருவர் அல்ல. 2007இல் அமெரிக்காவில் ஒருவர் இதைத் தன் வணிகச் சின்னமாகப் பதிவுசெய்யவே விண்ணப்பித்தார். துறையினர் எதிர்த்ததில் அது பலிக்கவில்லை.

இனி சொல்லின் உறுப்புகளுக்கு வருவோம். எஞ்சின் என்பதன் வேர் இலத்தீனின் 'இன்ஜீனியம்'. பிறவியிலேயே அமைந்த அறிவுத்திறன் என்பது அதன் பொருள். திறனைக் குறித்த சொல் பிறகு அத்திறனால் செய்த கருவியைக் குறித்தது. இடைக்கால ஐரோப்பாவில் கோட்டையைத் தகர்க்கும் போர்க்கருவிகளுக்கும் அதுவே பெயர். நம் 'பொறி'யின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டையைக் காத்த கருவிகளில் ஒன்று 'வளைவிற் பொறி', தானே வளைந்து அம்பு எய்யும் எந்திரம். ஐம்பொறி என்னும்போது புலன், எலிப்பொறி என்னும்போது கண்ணி, தீப்பொறி என்னும்போது நெருப்புத் துளி. இத்தனை பொருள் தாங்கும் சொல்லை எஞ்சினுக்கு எடுத்தவர்கள் நன்றாகவே எடுத்திருக்கிறார்கள். தேடுபொறி என்பது வினைத்தொகை: தேடிய, தேடுகின்ற, தேடும் பொறி. வினைத்தொகையில் வல்லினம் மிகாது, ஆகவே 'தேடுப்பொறி' என்று எழுதுவது பிழை.

ஆப்டிமைசேஷனுக்கு மூலம் 'ஆப்டிமஸ்', மிகச் சிறந்தது. நம்பிக்கையாளரைக் குறிக்கும் ஆப்டிமிஸ்ட்டும் அதே குடும்பம்தான். (முதல் இடத்துக்கு உத்தரவாதம் தருகிறோம் என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுகிறவருக்கு இரண்டு சொல்லுமே பொருந்தும்.) தமிழில் இதற்கு மேம்படுத்தல், உத்தமமாக்கல், உகப்பாக்கம் என்று பல சொற்கள் உலவுகின்றன. மேம்படுத்தல் எல்லோருக்கும் புரியும். ஆனால் புதிய பதிப்பு நிறுவுவதற்கும் தரத்தை உயர்த்துவதற்கும் அதையே சொல்வதால் இங்கே அது கூர்மையாக இல்லை. உத்தமமாக்கல் வேர்ப்பொருளுக்கு நெருக்கம்தான், காதுக்குத்தான் ஏதோ ஒழுக்கப் போதனை மாதிரி இருக்கிறது.

உகப்பாக்கம்தான் என் தேர்வு. 'உகந்த நேரம்', 'உகந்த இடம்' என்று இன்றும் சொல்கிறோமே, அந்த உகத்தல். விரும்புதல், மகிழ்தல், ஏற்றதாதல் எல்லாம் அதற்குள் உண்டு. தொல்காப்பிய உரியியலோ உகப்பு என்றால் உயர்தல் என்றே பொருள் சொல்கிறது. தேடல் முடிவுகளில் உயர்வதற்கான வேலைக்கு இதைவிட வாகான வேர் தேடினாலும் கிடைக்காது.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. தேடுபொறி உகப்பாக்கம் என்ற தொடரை எப்படி விரிப்பது? 'தேடுபொறியை உகப்பாக்குதல்' என்று இரண்டாம் வேற்றுமையாக விரித்தால் பொருளே மாறிவிடும். தேடுபொறியைச் சீர்செய்வது அந்தந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் வேலை. நாம் தொடுவது நம் தளத்தை. ஆகவே 'தேடுபொறிக்கு உகந்ததாக்குதல்' என்று நான்காம் வேற்றுமையாகத்தான் விரிக்க வேண்டும். ஆங்கிலத் தொடரிலும் இதே மயக்கம் இருக்கிறது; தமிழில் 'கு' உருபைச் சேர்த்தால் தெளிந்துவிடுகிறது.

அந்தக் 'கு'வையும் சிலர் தவறாகப் பிடித்துக்கொண்டார்கள். தேடுபொறிக்கு மட்டும் உகந்ததாக, படிக்கிறவருக்கு உகக்காததாகப் பக்கங்களை ஆக்கினார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் குறிச்சொற்களை ஒளித்தார்கள், வரிசையில் ஏறுவதற்காக மற்ற தளங்களிலிருந்து விலைக்கு இணைப்புகள் வாங்கினார்கள். தேடுபொறிக்கு ஒரு பக்கத்தையும் வருபவருக்கு வேறு பக்கத்தையும் காட்டும் வித்தையும் நடந்தது. அதற்காக 2006இல் பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளத்தையே கூகுள் தன் முடிவுகளிலிருந்து தூக்கியது. குறிச்சொற்களுக்கென்று பக்கத்தின் நிரலில், படிக்கிறவர் கண்ணில் படாமல் இருந்த மெட்டா வரியை வரிசைப்படுத்தப் பயன்படுத்துவதில்லை என்று 2009இல் அறிவித்தது. இன்றும் அதை நிரப்பித் தருவதைத் தனிச் சேவையாக விற்பவர்கள் இருக்கிறார்கள். வரிசைப்படுத்தும் முறையில் கூகுள் 2011இல் கொண்டுவந்த பாண்டா என்ற மாற்றம் சரக்கில்லாத பக்கங்களைக் கீழே இறக்கியது, 2012இல் பென்குவின் என்ற மாற்றம் செயற்கை இணைப்புகளைக் குறிவைத்தது.

இப்போது பலன் தருவது 'உகந்த' என்பதன் பழைய பொருளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்கும் நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். அதன் தளத்தில் 'முழுமையான நீர் மேலாண்மைத் தீர்வுகள்' என்று தலைப்பு இருக்கும். தேடுகிறவர் தட்டுவதோ 'குழாய் கசிவு சரிசெய்ய'. அவர் சொல்லும் சொல்லைத் தலைப்பிலும் பக்கத்திலும் எழுதி, அந்தக் கேள்விக்கு உருப்படியான பதிலும் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் வேகம்: பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. கைப்பேசியில் ஒழுங்காகத் திறக்க வேண்டும். மற்ற தளங்கள் தாமாகவே இணைப்புக் கொடுக்கும்படி எழுதியிருக்க வேண்டும். கடினமானது இதுதான், ஏனென்றால் இதைச் செருகுநிரல் செய்து தராது.

'ரேங்க்' என்பதற்குத் தரவரிசை என்று எழுதுகிறார்கள். தேடல் முடிவுகளுக்கு அது அவ்வளவு பொருந்தாது. முதலில் வருவது தரத்தில் முதன்மையானது என்று பொருளில்லை, அந்தக் கேள்விக்கு அதிகம் பொருந்துவதாகப் பொறி கணித்தது, அவ்வளவுதான். கேள்வியில் ஒரு சொல் மாறினால் வரிசையும் மாறும். 'தேடல் வரிசை' போதும். ஒரு பக்கத்துக்கு வரும் இணைப்புகளை வைத்து அதை மதிப்பிடும் கூகுளின் பேஜ்ரேங்க் முறையின் பெயரில் உள்ள பேஜ், பக்கத்தைக் குறிப்பது போலத் தெரிந்தாலும், அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான லாரி பேஜின் பெயரிலிருந்து வந்தது.

எழுத்தில் பயன்படுத்தும்போது முதல் இடத்தில் 'தேடுபொறி உகப்பாக்கம்' என்று முழுதாகவும் பிறகு 'உகப்பாக்கம்' என்று சுருக்கியும் எழுதலாம். எஸ்இஓ என்பதைத் தமிழில் எழுதவே கூடாது என்று அடம்பிடிக்கத் தேவையில்லை; பேச்சில் அது நிலைத்துவிட்டது. ஆங்கிலத்தில் அதே மூன்றெழுத்து வேலையையும் குறிக்கும், வேலை செய்பவரையும் குறிக்கும். தமிழில் செய்பவரை 'உகப்பாக்குநர்' என்று பிரித்துச் சொல்ல வசதியிருக்கிறது. வினையாக வரும்போது 'தளத்தை உகப்பாக்கம் செய்தோம்' என்று நீட்டாமல் 'தளத்தை உகப்பாக்கினோம்' என்றால் போதும். வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதமா? 'உங்கள் தளத்தைத் தேடலுக்கு ஏற்றதாக்கித் தருகிறோம், பலன் தெரியப் பொதுவாக நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும்' என்று எழுதுங்கள். அந்தக் கால அளவு கூகுளே சொன்னது.