புண் ஆறிய கோழியைக் கூட்டம் ஏன் கொத்துகிறது?

நாய் கவ்வி விட்டுப்போன கோழி பல நேரம் பிழைத்துக்கொள்ளும். அப்படிப் பிழைத்ததைக் கூட்டமே கொத்திக் கொன்றுவிடுவதும் உண்டு. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று பாலக்காட்டு எல்லையோரத் தோப்புகளில் நாட்டுக்கோழி வளர்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. புண்ணுக்கு மருந்து போடுவதில் காட்டும் அக்கறையை, ஆறின கோழியைத் திரும்பச் சேர்ப்பதில் நாம் காட்டுவதில்லை. கோழியின் கண்ணும் ஞாபகமும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொண்டால் இந்தச் சாவுகளில் பலவற்றைத் தடுக்கலாம்.

நம் கண்ணில் நிறம் உணரும் கூம்புச் செல்கள் 3 வகை. கோழிக்கு 4 வகை. நமக்குத் தெரியாத புற ஊதாவும் அதற்குத் தெரியும். அந்தக் கண்ணுக்கு, இறகுக்கு நடுவே ஈரமாய் மின்னும் சிவப்புப் புள்ளி என்றால் கொத்திப் பார்க்க வேண்டிய ஒன்று, அவ்வளவுதான். கொத்தினால் ரத்தம் கசியும். ரத்தத்தைக் கண்டு அடுத்த கோழி வரும். இதில் பகை ஏதும் இல்லை. அதனால் அடிபட்ட கோழியைப் பார்த்தவுடன் மருந்தைத் தேடி ஓடாமல், முதலில் அதைப் பிடித்துப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட வேண்டும்.

புண்ணின் மேல் மிளகாய்த்தூள் பூசினால் மற்றது கொத்தாது என்று சிலர் சொல்வார்கள். அது பலிக்காது. மிளகாயின் காரத்தைத் தரும் கேப்சைசின், பாலூட்டிகளின் நரம்பில் உள்ள ஒரு புரதத்தைத் தூண்டித்தான் எரிச்சலை உண்டாக்குகிறது. கோழியிடமும் அந்தப் புரதம் இருக்கிறது, ஆனால் அதன் அமைப்பில் உள்ள சிறு வேறுபாட்டால் கேப்சைசின் அதை அசைப்பதில்லை. பழுத்த மிளகாயைக் கிளியும் மைனாவும் சாதாரணமாகத் தின்பது இதனால்தான். புண்ணில் தூவிய தூள் வெறும் அழுக்காகத்தான் மிஞ்சும்.

கோழியைத் துணியில் சுற்றிப் பிடிக்கும்போது நெஞ்சை இறுக்கவே கூடாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து மூச்சிழுக்க உதவும் உதரவிதானம் என்ற தசை அதற்கு நம்மைப் போல் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு ஓடும். நுரையீரலோடு சேர்ந்து பல காற்றுப் பைகள் உடம்புக்குள் பரவிக் கிடக்கின்றன. நாயின் பல் அதில் ஒன்றைத் துளைத்திருந்தால் தோலுக்கடியில் காற்று புகுந்து உப்பும். விரலால் அமுக்கினால் நறநறவென்று தெரியும். இப்படிப்பட்ட ஆழமான ஓட்டைக்குள் தண்ணீரைப் பீய்ச்சினால் அது நேரே மூச்சுப் பாதைக்குப் போய்விடலாம். மேலோட்டமான புண் என்றால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, மெல்ல ஊற்றிக் கழுவினால் போதும். ஆழமாகக் கிழிந்திருந்தால் இந்தப் பக்கம் மிருகாசுபத்திரிக்கோ, பொள்ளாச்சிப் பக்கம் கால்நடை மருந்தகத்துக்கோ கொண்டுபோய்விடுங்கள். மருந்து கொடுத்தால் எத்தனை நாளைக்கு அதன் முட்டையைச் சாப்பிடக்கூடாது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈ மொய்க்க விடாதீர்கள். நம் வெயிலில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். புண்ணைச் சுற்றிலும் வேப்பெண்ணெய் தடவுவது ஈயை அண்டவிடாது.

சீழைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். மனிதனுக்குச் சீழ் ஒழுகும், கோழிக்கு ஒழுகாது. சீழை இளக்கி நீராக்கும் நொதி பறவைகளின் வெள்ளணுக்களில் குறைவு. அதனால் சீழ் பாலாடைக்கட்டி மாதிரி மஞ்சளாய் இறுகி உள்ளேயே தங்கிவிடும். தானே உடைந்து வடியும் என்று காத்திருப்பது வீண். மருத்துவர்தான் கீறி எடுக்க வேண்டும்.

இனி, ஆறின பிறகு வரும் சிக்கல். பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருநாள் கேட்டார்: "ஏந்தம்பி, புண்ணுதான் ஆறிப்போச்சே, அப்பறம் எதுக்கு இதுக இப்படித் தொரத்தித் தொரத்திக் கொத்துதுக?" அவருடைய கோழியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். புண் காய்ந்துதான் இருந்தது. ஆனால் முதுகில் புது இறகுகள் குச்சி குச்சியாய் முளைத்திருந்தன. வளரும் இறகின் குழலுக்குள் ரத்தம் ஓடும். மெல்லிய உறைக்குள் அது கருஞ்சிவப்பாய்த் தெரியும். ஒரு கொத்துப் பட்டால் போதும், குழல் உடைந்து ரத்தம் வந்துவிடும். கொண்டையோ வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தது.

அந்தக் கொண்டைதான் முக்கியம். கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வேயைச் சேர்ந்த தோர்லீஃப் ஷெல்டெரப்-எப்பே 1922-இல் இதை விரிவாக எழுதி வெளியிட்டார். கோழிகள் ஒன்றையொன்று அடையாளம் கண்டு, நேற்று ஜெயித்தது யார் என்று நினைவு வைத்திருப்பதால்தான் தினமும் சண்டை வருவதில்லை. அந்த அடையாளத்தில் பெரும்பங்கு முகத்துக்கும் கொண்டைக்கும். கொண்டையின் அளவும் நிறமும் பாலின ஹார்மோன்களைப் பொறுத்தவை. அடிபட்டு முட்டையை நிறுத்திய கோழிக்கு அந்த ஹார்மோன் குறைந்து கொண்டை வாடிப்போகும். முகம் மாறிய கோழி, சில வாரம் கண்ணிலேயே படாமல் இருந்துவிட்டுத் திடீரென்று உள்ளே வந்தால், கூட்டத்துக்கு அது அந்நியக் கோழி.

அதனால் அறைக்குள் கொண்டுபோய் ஒளித்து வைப்பதை நான் ஏற்கமாட்டேன். முதல் ஓரிரு நாள் இருட்டும் அமைதியும் தேவை, சரி. கோழி எழுந்து தீனி எடுக்கத் தொடங்கியதும் பஞ்சாரத்தையோ கம்பிவலைக் கூண்டையோ மற்றவை மேயும் இடத்திலேயே வையுங்கள். கொத்து எட்டக்கூடாது, முகம் தெரிய வேண்டும். கம்போ அரிசி நொய்யோ வலையின் இரண்டு பக்கமும் தூவினால் எதிரெதிரே நின்று தின்னும்.

முளை இறகுகள் விரிந்து தோலை மூடிய பிறகே திறந்துவிட வேண்டும். முதலில் சாதுவான பெட்டை ஒன்றைக் கூண்டுக்குள் துணைக்கு விடுங்கள். ஓரிரு நாள் கழித்து இரண்டையும் சேர்த்தே வெளியில் விட்டால் தனியாக மாட்டிக்கொள்ளாது. இரவில் கூட்டில் ஏற்றிவிடும் வழக்கமும் நல்லதுதான். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, சண்டை வராது. ஆனால் அது விடியும் வரைக்கும்தான். விடிகாலையில் கூட்டைத் திறக்க நீங்களே போய் நிற்க வேண்டும்.

தீனியையும் தண்ணீரையும் ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். துரத்துவதும், உச்சந்தலையில் ஒரு கொத்துக் கொத்திவிட்டு விலகுவதும் நடக்கத்தான் செய்யும். வரிசை மறுபடி அமைவது அப்படித்தான், குறுக்கே போகாதீர்கள். மூலையில் ஒடுங்கியதைப் பலவும் சேர்ந்து கொத்தினாலோ, ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தாலோ, உடனே பிடித்து மறுபடி வலைக்குள் விட்டு, வாரம் கழித்துத் திரும்ப முயலுங்கள். ஒரே கோழிதான் விடாமல் துரத்துகிறது என்றால், அந்தக் கோழியைப் பிடித்துச் சில நாள் பஞ்சாரத்தில் போடுங்கள்.