பெரிய ஆஸ்பத்திரியில் வழி பிடிபட வேண்டுமா?

சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் போய்வரும் குமரி மாவட்டக் குடும்பங்கள் ஏராளம். களியக்காவிளை தாண்டினால் பலகைகள் மலையாளத்துக்கு மாறிவிடும். மெடிக்கல் காலேஜ் வளாகத்துக்குள்ளேயே ஆர்.சி.சி., ஸ்ரீசித்ரா, எஸ்.ஏ.டி. என்று தனித்தனி ஆஸ்பத்திரிகள். துணைக்குப் போகும் பெரியவர்கள் டீ வாங்க வெளியே வந்தால், திரும்பிப் போக வழி தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். பக்கவாதம், மறதி நோய் வந்தவர்களுக்கு அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நான். நோயாளிகளைவிட அவர்களின் துணையாட்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள்.

வயதாகிவிட்டது, படிப்பில்லை என்று அவர்களே ஒரு காரணமும் வைத்திருப்பார்கள். நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. மகனின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தால் யாருக்குத்தான் வழி பதியும்? இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று தானே முடிவெடுத்துத் திரும்பும்போதுதான் அந்தத் திருப்பம் மனதில் நிற்கும். செல்போன் மேப் சொல்லச் சொல்லப் போனாலும் இதே கதைதான்.

மூளைக்குள் இதற்கு இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று, டீக்கடை வந்தால் இடது, மாடிப்படி வந்தால் வலது என்று நூலில் மணி கோத்ததுபோல் திருப்பங்களைப் பழக்கமாக்கிக்கொள்வது. இன்னொன்று, ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி மொத்த இடத்தையும் வரைபடமாக்கிக்கொள்வது. எலி குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் செல்களை 1971இல் விஞ்ஞானி ஜான் ஓ'கீஃப் அங்கே கண்டார். பக்கத்திலுள்ள என்டோரைனல் பகுதியில், தூரத்தையும் திசையையும் கணக்கிட உதவும் செல்களை மோசர் தம்பதி 2005இல் கண்டார்கள். மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. மணிக்கோவையை மட்டும் நம்பியிருக்க முடியாது. ஒரு கேட்டைப் பூட்டிவிட்டால் அது அறுந்துபோகும்.

கருங்கல் பக்கத்துப் பெரியம்மா ஒருவர், "போவும்ப தெரியுது மக்கா, வரும்ப எல்லாம் மாறிப் போவுது" என்றார். சரியாகச் சொன்னார். வரும்போது அதே சுவரின் மறுபக்கத்தையல்லவா பார்க்கிறோம்! அவரை முன்னால் நடக்கவிட்டுப் பழக்கினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்புறம் முழுசாகத் திரும்பி, வந்த வழியைப் பார்த்து இன்னொன்று சொல்ல வேண்டும். முதலில் "ஆளுக வரிசையா நிக்கிற இடம்" என்றார். மத்தியானம் வரிசை இருக்காதே என்றதும் யோசித்து, மேலே இருந்த பச்சைக் குழாயை அடையாளமாகப் பிடித்துக்கொண்டார். நகராதது, மாறாதது, திருப்பத்திலேயே இருப்பது: அடையாளத்துக்கு அது போதும். பலகையை வாசிக்கத் தெரியவேண்டியதில்லை.

நம் ஊரில் "கிழக்க போய் வடக்க திரும்பு" என்றே வழி சொல்லிப் பழகியவர்கள் நிறையப் பேர். அது பெரிய திறமை. வெயில் தெரியாத வராந்தாவிலும் சுற்றிச் சுற்றி ஏறும் படிகளிலும்தான் அது கைவிட்டுப்போகிறது. உள்ளே நுழையும்முன் வாசல் எந்தத் திசை பார்த்திருக்கிறது என்று அவர்களிடமே கேளுங்கள். ஜன்னல் வரும்போதெல்லாம் திசையை மறுபடி சொல்லச் சொல்லுங்கள்.

புது இடத்தில் திணறுவது யாருக்கும் வரும். பழகிய சந்தைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வரத் தடுமாறுவது வேறு. அல்சைமர் நோய் ஆரம்பத்திலேயே தாக்கும் இடங்களில் அந்த என்டோரைனல் பகுதியும் ஒன்று. திட்டாமல், தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எங்கே வழி தவறினார், எந்த நேரம், எப்படி வீடு சேர்ந்தார் என்பதை எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்கு உதவும். திடீரென்று ஒரே நாளில் குழப்பம் வந்தாலோ, கூடவே வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் தளர்ந்தாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.