டீகிம் பாஸ் ஆனாலும் மெயில் ஏன் ஸ்பேமுக்குப் போகிறது?

மறுபடியும் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். செலவைக் குறைக்கலாம் என்று மலிவாக ஒரு விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) எடுத்து, மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸும் பெட்டியில் வைத்துக் காட்டும் டவ்காட்டும் நிறுவி, வெளிநாட்டு பையர்களுக்கெல்லாம் அதிலிருந்து கொட்டேஷன் அனுப்பியிருக்கிறார்கள். யாரும் பதில் போடவில்லை. போன் செய்து விசாரித்தால் எல்லாம் ஸ்பேமில் கிடக்கிறது. உடனே என்னிடம் வந்து கேட்பது: "எஸ்பிஎஃப், டீகிம், டிமார்க் மூன்றும் பாஸ் ஆகிறதே சார்?"

இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அந்த மூன்றும் அடையாளச் சோதனைகள்; அவை சொல்வது, மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்பதை மட்டும். ஆதார் அட்டையைக் காட்டியதும் வங்கி கடன் கொடுத்துவிடுமா? ஸ்பேம் அனுப்புகிறவனும் டீகிம் கையெழுத்து போடுகிறான், நம்மைவிடச் சுத்தமாகவே போடுகிறான். வாங்கும் சர்வர் உங்கள் ஐபியின் (சர்வரின் இணைய முகவரி எண்) பழைய கதையைப் பார்க்கிறது, உங்களுக்கு முன்னால் அதை வைத்திருந்தவர் என்ன அனுப்பினார், அதே வரிசையில் இருக்கும் பக்கத்து ஐபிகள் இப்போது என்ன செய்கின்றன என்பதையும் சேர்த்துத்தான் முடிவெடுக்கிறது. சர்வரின் பதிவுக் கோப்பான லாகில் 250 ஓகே என்று இருப்பதைக் காட்டி "போய்விட்டதே" என்று வாதாடாதீர்கள். அவர்கள் வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்; எந்தப் பெட்டியில் போட்டார்கள் என்று அந்த வரி சொல்லாது.

2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இன்னும் கறார். தினம் 5,000-க்கு மேல் அனுப்பினால் மூன்றும் கட்டாயம், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. குறைவாக அனுப்புகிறவர்களுக்கும் எஸ்பிஎஃப் அல்லது டீகிம், கூடவே சரியான பிடிஆர் ரெகார்டும் (ஐபியைக் கொண்டு சர்வரின் பெயரைச் சொல்லும் பதிவு) வேண்டும். ஐபிவி6 என்ற புதிய வகை முகவரிக்கு பிடிஆர் வைக்க மறந்துவிட்டு, சில மெயில் மட்டும் திரும்புகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் ஏராளம். வைக்க முடியாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸை பழைய வகையான ஐபிவி4-இல் மட்டும் ஓட விடுங்கள்.

விபிஎஸ் வாங்கும் முன்பே, மெயில் வெளியே போகும் வாசலான 25-ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள், பல கிளவுடுகளில் அடைத்தேதான் தருகிறார்கள். ஐபி கைக்கு வந்ததும் ஸ்பேம் ஐபிகளின் கறுப்புப் பட்டியல் வைத்திருக்கும் ஸ்பேம்ஹவுஸில் தேடிப் பாருங்கள். பட்டியலில் இருந்தால் அன்றே மாற்றச் சொல்லுங்கள். கொட்டேஷனும் இன்வாய்ஸும் போகிற ஐபியிலிருந்து தீபாவளி ஆஃபர் மெயிலை மொத்தமாகத் தட்டிவிடாதீர்கள், தயவுசெய்து. சொந்த சர்வர்தான் வேண்டுமென்றால் சரி, வருகிற மெயிலை அதிலேயே வைத்துக்கொள்ளுங்கள், போகிறதை மட்டும், உங்களுக்காக மெயிலை அனுப்பித் தரும் நல்ல ரிலே சேவை ஒன்றின் வழியாக அனுப்புங்கள். அப்புறம் பேக்கப். சர்வர் ஓரிரு மணி நேரம் படுத்தால் அனுப்பியவரின் சர்வர் பொதுவாக வரிசையில் வைத்திருந்து மறுபடி முயலும், ஆனால் டிஸ்க் போனால் பழைய மெயிலை யாராலும் மீட்டுத் தர முடியாது. இன்று ராத்திரியே வேறொரு இடத்துக்கு ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.