ரிவியேரா – எழிற்கரை

‘ரிவியேரா’ என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? இத்தாலிய மொழியில் ரிவியேரா என்றால் ‘கரையோரம்’, அவ்வளவுதான். செல்வமும் சொகுசுப் படகும் அந்தச் சொல்லில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

இலத்தீனில் ‘ரீப்பா’ என்பது கரை. அதிலிருந்து ‘ரிப்பாரியா’, அதிலிருந்து ரிவியேரா. ஆறு எனப் பொருள்படும் ஆங்கில ‘ரிவர்’ என்பதும் இதே வேரில் கிளைத்தது. அந்த ஒலி ஒற்றுமையை நம்பி ரிவியேரா நகரத்தை ‘ஆற்றங்கரை நகரம்’ என்று மொழிபெயர்ப்பது தவறு. கரையின் பெயர்தான் ஆற்றுக்குப் போனது. வந்துசேர்வதைக் குறிக்கும் ஆங்கில ‘அரைவ்’ என்பதும் ரீப்பாவின் வழிவந்ததே. கரையை அடைவது என்பதே அதன் முதற்பொருள். தமிழிலும் ‘சேர்’ என்பதிலிருந்து ‘சேர்ப்பு’ வந்து கடற்கரையைக் குறித்தது. நெய்தல் நிலத் தலைவன் சேர்ப்பன் ஆனான். இரு மொழிகளும் ஒரே எண்ணத்தைத் தொட்டிருப்பது அழகு.

ரிவியேரா என்ற பெயருக்குரிய முதல் இடம் இத்தாலியத் துறைமுக நகரான ஜெனோவாவின் இருபுறக் கடற்கரை. மேற்கே ஞாயிறு மறையும் பக்கம் ‘பொனென்தே’, கிழக்கே எழும் பக்கம் ‘லெவான்தே’. பிறகு பெயர் பிரான்சின் நீஸ், கான் வரை நீண்டது. வடக்கே ஆல்ப்ஸ் மலை குளிர்காற்றை மறிக்க, கரை தெற்கு வெயிலைப் பார்த்துக் கிடக்கிறது. ஆங்கிலேயச் செல்வர்கள் இங்கே வந்தது கோடைக்கு அல்ல, குளிர்காலத்துக்கு. 1863இல் மொனாக்கோவின் மான்டே கார்லோவில் சூதாட்ட மாளிகை திறந்தது, 1864இல் நீசுக்கு ரயில் வந்தது. கோடைக் கூட்டம் 1920களில்தான் தொடங்கியது.

இந்த ஊர்களின் கவர்ச்சி மாளிகைகளில் மட்டும் இல்லை. இத்தாலியக் கரையின் போர்ட்டோபினோவில் சிறு துறையை வளைத்து ஒடுங்கி உயர்ந்த வீடுகள் தோளோடு தோள் நிற்கின்றன. காவியும் மஞ்சளும் பூசிய சுவர்கள். சன்னலைச் சுற்றியுள்ள கல்வேலைப்பாடு எனத் தெரிபவற்றில் பல, கிட்டப் போனால் வெறும் வண்ணம். மீனவர் ஊரின் அந்த வடிவம் குலையாமல் இருப்பதே அதன் மதிப்பு. நீஸ் நகரக் கரையில் மணலே இல்லை, உருண்ட கூழாங்கற்கள்தான்.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? ‘சேர்ப்பு’ இன்று கூட்டுதலையே நினைவூட்டும். கடற்கரைச் சோலையைக் குறிக்கும் ‘கானல்’ பொருத்தமே, ஆனால் கானல்நீர் குறுக்கே வந்துவிடுகிறது. ‘பட்டினம்’ வணிகத் துறைமுகம்; ஓய்வும் உல்லாசமும் அதில் இல்லை. ‘கடற்கரை’ என்றும் முடிக்க முடியாது: சுவிட்சர்லாந்தின் மோந்த்ரே, லெமான் ஏரிக்கரையில் இருந்துகொண்டே ரிவியேரா எனப்படுகிறது.

ஆகவே ‘எழிற்கரை’ என்பதே என் தேர்வு. கடல், ஏரி இரண்டுக்கும் பொருந்தும். செல்வத்தையும் சுட்ட வேண்டிய இடத்தில் ‘செல்வர் எழிற்கரை’ எனலாம். இடப்பெயராக வரும்போது மட்டும் ஒலிபெயர்ப்பு போதும்: ‘இத்தாலிய ரிவியேரா’. பொதுப்பெயராக வந்தால் ‘எழிற்கரை நகரங்கள்’, ‘எழிற்கரை விடுதி’ என்று எழுதுங்கள்.